குடம் சிறுத்தால் தாகம் தணியுமா? எடைக்குறைப்பு ஆபரேஷன் உடலுக்குள் செய்வது என்ன

பெரியப்பா மகனுக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் என்று முடிவானபோது வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் படுக்கை, உயிருக்கு ஆபத்து உண்டா. அம்மா கேட்டது மட்டும் வேறு மாதிரி இருந்தது: "குடத்தச் சின்னதாக்கிட்டா தாகம் அடங்கிருமாடா?"

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. அண்ணனோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்திருந்த ஆள், அவ்வளவுதான். அன்றைக்கு அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தபோதுதான், அறுவை மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் பல வருடம் மல்லுக்கட்டிய கேள்வியே அதுதான் என்று தெரிந்தது.

ஊரில் இந்த ஆபரேஷனைப் பற்றி இருக்கும் எண்ணம் எளிமையானது. வயிறு சின்னதாகிவிட்டது, அதனால் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். குடலைக் குறுக்கிவிட்டார்கள், அதனால் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. இதில் பொய் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது. இவ்வளவுதான் விஷயம் என்றால் ஆபரேஷன் ஆனவர் நாள் முழுக்கப் பசியோடு திரிய வேண்டும். சிறிய வயிற்றை மணிக்கொரு முறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் அப்படி இல்லை. மூன்றாவது வாரம் போனில் கேட்டேன். "பசியே இல்லடா. கடிகாரத்தப் பாத்துதான் சாப்பிடுறேன்" என்றான். பந்தியில் இரண்டாவது முறை சாதம் கேட்டு வாங்குகிற ஆள் அவன்.

இரண்டு இட்லியின் பயணம்

மாற்றத்தைப் புரிந்துகொள்ள, மாறாத வயிற்றில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வாயில் எச்சில் பட்டதுமே இட்லியின் மாவுச்சத்து உடையத் தொடங்கிவிடும். அடுத்து இரைப்பை. அது குதிரும் ஆட்டுக்கல்லும் சேர்ந்த உறுப்பு. வயிறு முட்டச் சாப்பிட்டால் ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை விரிந்துகொடுக்கும். அமிலத்தை ஊற்றிப் பிசைந்து கூழாக்கும். அதன் கீழ்வாசலில் ஒரு வட்டத் தசை, பாட்டி வைத்திருக்கும் சுருக்குப்பையின் வாய் போல. அது திறந்து மூடிக் கூழைச் சிறிது சிறிதாகத்தான் சிறுகுடலுக்குள் விடும். இந்தச் சுருக்குவாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டர்தான் முன்சிறுகுடல். பன்னிரண்டு விரல் அகல நீளம் என்பதால் லத்தீனில் அதன் பெயரே பன்னிரண்டு என்ற சொல்லிலிருந்து வந்தது. கல்லீரலில் சுரக்கும் பித்தமும் கணைய நீரும் இங்கேதான் வந்து கலக்கின்றன. இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் சுமார் 6 மீட்டர் குடலில் சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தத்துக்குள் போகும். பி12 வைட்டமின் மட்டும் கடைசி ஊர் வரை பயணம் செய்து, சிறுகுடலின் வால்பகுதியில் இறங்கும். அதற்கும் இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்குப் போக வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் இதோடு முடித்துவிடுவார்கள். பாடத்தில் சரியாகச் சொல்லாத ஒன்று, குடல் வெறும் குழாய் இல்லை என்பது. உடலிலேயே மிகப் பெரிய ஹார்மோன் சுரப்பி அதுதான். சாப்பாடு எங்கே வந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது, எண்ணெயா மாவா என்று மூளைக்கும் கணையத்துக்கும் கல்லீரலுக்கும் ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். காலியாக இருக்கும்போது இரைப்பையின் மேல்முகட்டிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கும். 'பசிக்கிறது' என்பது அதன் செய்தி. சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர்ந்ததும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்கள் சுரக்கும்; 'போதும்' என்பது அவற்றின் செய்தி. ஜி.எல்.பி-1 கணையத்துக்கும் ஒரு தட்டு தட்டி, 'சர்க்கரை வருகிறது, இன்சுலினை எடுத்து வை' என்று சொல்லும்.

கத்தி வைத்த கதை

முதல் முயற்சிகள் குழாய்க் கணக்கை நம்பித்தான் தொடங்கின. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டு முன்பகுதியைக் கடைசிப் பகுதியோடு நேராக இணைத்தார்கள். உறிஞ்ச இடமே இல்லாவிட்டால் எடை எப்படி ஏறும்? எடை குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரலே கெட்டுப்போகும் நிலை. பின்னாளில் அந்த ஆபரேஷனைக் கைவிட்டுவிட்டார்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு பக்கமிருந்து வந்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள் இளைத்துப்போவதையும், பிறகு அவர்களுக்கு எடை ஏறுவதே கஷ்டமாக இருப்பதையும் கவனித்திருந்தார். 1966-இல் சிகாஷி இட்டோவோடு சேர்ந்து அவர் செய்ததுதான் இன்றைய பைபாஸ் ஆபரேஷனின் மூதாதை.

இப்போது செய்யப்படுவதில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று ஸ்லீவ். சட்டைக் கை என்று பொருள். இரைப்பையின் வெளிவளைவு முழுவதையும், ஏறக்குறைய முக்கால்வாசிக்கு மேல், நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைக்காய் கனத்தில் ஒரு குழல். குடலைத் தொடுவதில்லை, சுருக்குவாயும் அப்படியே இருக்கும். உலகத்தில் இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான். சுவாரசியம் என்னவென்றால், இதைத் தனி சிகிச்சையாக யாரும் யோசித்து உருவாக்கவில்லை. மிகப் பருமனானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று, முதல் கட்டமாக இதை மட்டும் செய்து நிறுத்திவைத்தார்கள். பலருக்கு முதல் கட்டத்திலேயே போதுமான எடை இறங்கிவிட்டது.

இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் உச்சியில் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் தனியாகப் பிரிக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. சிறுகுடலைக் கொஞ்ச தூரத்தில் வெட்டி, கீழ்முனையை மேலே இழுத்து அந்தச் சிறு பையோடு தைப்பார்கள். பித்தமும் கணைய நீரும் வரும் பழைய பாதையை இன்னும் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். உண்டிவில்லின் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் சாப்பாடு வருகிறது, மறு கிளையில் செரிமான நீர் வருகிறது, இரண்டும் சேர்ந்த பிறகுதான் முழுச் செரிமானம். இந்தக் கவட்டை இணைப்பு சுவிட்சர்லாந்தின் லொசான் நகர அறுவை மருத்துவர் செசார் ரூவின் பெயரால் வழங்குகிறது. இதையே ஒரே இணைப்போடு முடிக்கும் மினி பைபாஸும் உண்டு; நம் நாட்டில் அது நிறையவே நடக்கிறது.

இப்போது அந்த 'உடம்பில் ஒட்டாது' என்ற நம்பிக்கைக்கு வருவோம். வழக்கமான பைபாஸுக்குப் பிறகு சாப்பாட்டின் கலோரி பெரிதாக வீணாவதில்லை. கொழுப்பு கொஞ்சம் உறிஞ்சப்படாமல் போகும்; மாவும் புரதமும் பெரும்பாலும் சேர்ந்துவிடும். எடை குறைவதில் பெரும்பங்கு, குறைவாகச் சாப்பிடுவதால் வருகிறது. ஸ்லீவில் குடலையே தொடவில்லை, அங்கே 'ஒட்டாது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மீதி நிற்பது அம்மாவின் கேள்விதான். ஏன் குறைவாகச் சாப்பிடுகிறார்கள்? முடியாததாலா, வேண்டாததாலா?

சர்க்கரை முந்திக்கொண்டது

முதல் துப்பு எடையிலிருந்து வரவில்லை, நீரிழிவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் பைபாஸ் செய்துகொண்டிருந்தார். நோயாளிகளில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. எடை அப்போதுதான் குறையத் தொடங்கியிருந்தது. 1995-இல் அவர் குழு வெளியிட்ட கணக்கில், டைப் 2 நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்கு சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. 'யார்தான் நினைத்திருப்பார்கள்' என்பதே அந்தக் கட்டுரைத் தலைப்பின் தொடக்கம்.

எடைக்கு முன்பே சர்க்கரை இறங்குகிறது என்றால், கொழுப்பு கரைவதைத் தவிர வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். பைபாஸில் சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே போகிறது. வழக்கத்தைவிட வேகமாகக் கீழ்க்குடலை எட்டுகிறது. அங்கேதான் ஜி.எல்.பி-1 சுரக்கும் செல்கள் அடர்த்தி. ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஜி.எல்.பி-1 முன்பைவிடப் பல மடங்கு எகிறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கணையம் சுறுசுறுப்பாகிறது, மூளைக்கு 'போதும்' என்ற சேதி சீக்கிரமே போகிறது.

ஸ்லீவிலும் இதே கதைதான். சின்ன வயிறு சீக்கிரம் நிரம்பி, சாப்பாடு அங்கேயே தேங்கி நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். விரிந்துகொடுக்கும் முகடு போய்விட்டதால் குழலுக்குள் அழுத்தம் கூடி, சாப்பாடு வழக்கத்தைவிட வேகமாகக் குடலுக்குள் இறங்குகிறது.

இங்கே ஒரு எதிர்க்கருத்தையும் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் ஆனவர் முதல் இரண்டு வாரம் நீராகாரத்தில்தான் இருக்கிறார். அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் யாருக்குத்தான் சர்க்கரை இறங்காது? இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் 2011-இல் இதைச் சோதித்தார். நீரிழிவுள்ள 11 பேருக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தார். கத்தியே படாமல், ஒரே வாரத்தில் வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது, கல்லீரலில் படிந்திருந்த கொழுப்பும் கரைந்தது. ஆக, முதல் வார அதிசயத்தில் கணிசமான பங்கு பட்டினிக்குச் சேரும். ஆனால் 600 கலோரியில் ஒருவரால் எத்தனை மாதம் தள்ள முடியும்?

அங்கேதான் பசி ஹார்மோன் வருகிறது. கிரெலினை 1999-இல் ஜப்பானின் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு குழு இரண்டு வகை மனிதர்களை அளந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் எடையில் 17 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கிரெலின் 24 சதவீதம் கூடியிருந்தது. அதாவது இளைக்க இளைக்க உடம்பு 'சாப்பிடு, சாப்பிடு' என்று சத்தத்தைக் கூட்டுகிறது. டயட்டில் இருந்த எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். மனவுறுதி இல்லாதவர் என்று ஊர் அதற்குப் பெயர் வைக்கும். பைபாஸ் ஆனவர்கள் அவர்களைவிட அதிகம் இளைத்திருந்தும், கிரெலின் மிகக் குறைந்தே இருந்தது. ஸ்லீவில் காரணம் வெளிப்படை: கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்முகடே வெளியே போய்விட்டது.

அப்படியானால் எல்லாம் கிரெலினா? இல்லை. கிரெலினே சுரக்காத எலிகளுக்கு ஸ்லீவ் செய்தாலும் அவை இளைத்தன. ஜி.எல்.பி-1-ஐ வாங்கிக்கொள்ளும் ஏற்பி இல்லாத எலிகளும் இளைத்தன. பித்த அமிலங்களுக்குப் பங்கு இருக்கிறது, குடல் பாக்டீரியாக்களுக்குப் பங்கு இருக்கிறது, இரைப்பையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புக்கும் இருக்கிறது. ஒரு கம்பியை அறுத்தால் இன்னொரு கம்பி வழியாகச் சேதி போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எளிமையானது. ஸ்லீவ் செய்து இளைத்து நின்ற எலிகளை இன்னும் பட்டினி போட்டு மேலும் இளைக்க வைத்தார்கள். பிறகு தீனியைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சின்ன வயிற்றை வைத்துக்கொண்டே அவை அதிகம் தின்று, பழைய இளைத்த எடைக்குத் திரும்பி, அங்கே நின்றுவிட்டன. சாப்பிட இடமில்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. 'எவ்வளவு எடையில் இருக்க வேண்டும்' என்று உடம்பு வைத்திருந்த அடையாளக் கோடே கீழே இறங்கியிருக்கிறது. இதே காரணத்தால்தான், இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டையை மட்டும் கட்டி இறுக்கும் பழைய 'பேண்ட்' முறை பல நாடுகளில் மங்கிப்போனது. குடத்தின் வாயை அது குறுக்கியது. தாகம் அப்படியே இருந்தது.

அடுப்பும் அணையாமல்

வளர்சிதை மாற்றம் என்று புத்தகத்தில் எழுதுவதை, சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு எரிக்கும் விறகு என்று வைத்துக்கொள்ளலாம். எடை குறைந்தால் இந்த விறகுச் செலவும் குறையும். சின்ன உடம்புக்குக் குறைந்த விறகு, அது நியாயம். சிக்கல் என்னவென்றால், நியாயத்துக்கு மேலேயும் குறையும்.

அமெரிக்காவில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் ஓடியது. அதில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் என்ற ஆய்வாளர் ஆறு வருடம் கழித்து அளந்தார். 2016-இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பெரும்பாலோருக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. ஆனால் விறகுச் செலவு திரும்பவில்லை. அவர்கள் உடலின் அளவுக்கு எரிய வேண்டியதைவிடச் சராசரியாக நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரிந்துகொண்டிருந்தது.

அதே போட்டியாளர்களை, ஏறத்தாழ அதே அளவு எடை இழந்த பைபாஸ் நோயாளிகளோடு ஒப்பிட்டும் ஒரு ஆய்வு நடந்தது. பைபாஸ்காரர்களுக்கும் ஆறாவது மாதத்தில் விறகுச் செலவு அளவுக்கு மீறி விழுந்திருந்தது. ஒரு வருடம் ஆனபோது அந்தக் கூடுதல் வீழ்ச்சி மறைந்திருந்தது. ஆபரேஷன் அடுப்பைக் கொழுந்துவிட்டு எரியச் செய்கிறது என்று சில விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மனிதர்களில் நடப்பது, அடுப்பு அவிந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான். எலிகளில் மட்டும் ஒரு அழகான கண்டுபிடிப்பு உண்டு. பைபாஸில் மேலே இழுத்துத் தைத்த குடல்துண்டு, செரிக்காத சாப்பாடு நேராக வந்து விழுவதைச் சமாளிக்கத் தடித்து வளர்கிறது. வளர்வதற்கு அதுவே சர்க்கரையை உறிஞ்சி எரிக்கிறது. ரத்தச் சர்க்கரைக்கு ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்த மாதிரி.

கணக்கின் மறுபக்கம்

அண்ணனுக்கு நடந்தது பைபாஸ். ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் அரை டம்ளர் பாயசம் குடித்துவிட்டான். பத்து நிமிடத்தில் முகமெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். மாரடைப்பு என்று பயந்துவிட்டோம். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். சுருக்குப்பையின் வாயை நினைவில் வைக்கச் சொன்னேனே, பைபாஸில் சாப்பாடு அந்த வழியாகப் போவதே இல்லை. இனிப்புப் பாகு மொத்தமாகக் குடலில் கொட்ட, குடல் ரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிலருக்கு இது ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறு வடிவத்தில் வரும்: அளவுக்கு மீறி இன்சுலின் சுரந்து சர்க்கரை தரைதட்டும், கை நடுங்கும், கண் இருட்டும்.

சத்துக்குறைவுதான் பெரிய விஷயம். இரும்பும் கால்சியமும் ஏறும் நிறுத்தத்தில் இப்போது வண்டி நிற்பதில்லை. பி12-க்குத் துணைபோகும் புரதத்தைச் சுரக்கும் இரைப்பை ஓரமாகக் கிடக்கிறது. ஸ்லீவில் அந்த இரைப்பையே குறைந்துவிட்டது. கல்லீரலில் பி12 இருப்பு வருடக்கணக்கில் வரும் என்பதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. 'எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போவதும் மறதியும் வரும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே பி12 பற்றாக்குறைதான். பி1 வைட்டமின் இதற்கு நேர்மாறு. அதன் இருப்பு சில வாரத்தில் தீர்ந்துவிடும். ஆபரேஷன் ஆனவருக்கு ஓயாமல் வாந்தி இருந்து, கண் பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடினால் அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கால்சியம் மாத்திரையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்பனேட் வகை கரைய அமிலம் வேண்டும். சிறு பையில் அமிலம் குறைவு, அதனால் சிட்ரேட் வகையைத் தருவார்கள். கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்குவதும் அதே கதைதான். அண்ணியின் சமையலறைச் சுவரில் எந்த மாத்திரை எந்த நேரம் என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. மூட்டுவலிக்கு நாமாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் அந்த வீட்டில் கிடையாது. பைபாஸ் தையல் இருக்கும் இடத்தில் அவை புண்ணை உண்டாக்கும்.

புரதம் நம் சாப்பாட்டில் தனிப் போராட்டம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் சொச்சம். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம்தான் கொள்ளும் என்றால், சாதத்துக்கு அதில் இடமே இல்லை. முதலில் முட்டை, மீன், பன்னீர், சுண்டல். பிறகு காய். கடைசியில் மனசு இருந்தால் இரண்டு வாய் சாதம். தலைமுறையாகச் சாதத்தை மலைபோல் குவித்துக் கூட்டைத் தொட்டுக்கொண்ட வீட்டில் இலையே தலைகீழானது. புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்றாவது நான்காவது மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பிறகு வளர்ந்துவிட்டது. வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடுவதால், முதல் ஆறு மாதம் அதற்கும் ஒரு மாத்திரை கொடுப்பது உண்டு.

குடிப்பழக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறும், உச்சமும் அதிகம். முன்பு பிரச்சினை இல்லாதவர்கள்கூட இரண்டாவது வருடத்தில் குடிநோய்க்குள் போனதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை பெற நினைக்கும் பெண்களை ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். உயிரிழப்பு தேர்ந்த இடங்களில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்கது. தையல் விட்டு உள்ளே கசிவதுதான் ஆரம்ப நாட்களின் பெரிய பயம்.

யாருக்கு, எப்போது

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண்தான் அளவுகோல். 1991-இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40, அல்லது நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 35. நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் இதை 37.5, 32.5 என்று இறக்கினார்கள். 2022-இல் வந்த உலகளாவிய பரிந்துரை, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது.

நமக்கு மட்டும் ஏன் குறைவு? புனேவின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கே சர்க்கரை ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மௌன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. குடல் அனுப்பும் அந்த 'போதும்' என்ற சேதியை, கத்தி இல்லாமல் மருந்தாகத் தருவதுதான் இவற்றின் வேலை. வெகோவி ஜி.எல்.பி-1-ஐப் போல நடிக்கிறது. மௌன்ஜாரோ இன்னொரு குடல் ஹார்மோனையும் சேர்த்துக்கொள்கிறது. வெகோவியில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, மௌன்ஜாரோவின் அதிக அளவில் 20 சதவீதத்தைத் தொட்டது, பைபாஸில் 25 முதல் 30 வரை போகும். வெகோவியின் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சேதி நின்றதும் பசி பழைய சத்தத்தோடு வந்திருக்கிறது.

ஆபரேஷனும் சாசுவதம் இல்லை. சுவீடனில் 1987-இல் தொடங்கி ஏறக்குறைய 4,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட நீரிழிவுக்காரர்களில் 72 சதவீதம் பேர் இரண்டாவது வருடத்தில் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 36 ஆகிவிட்டது. செய்துகொள்ளாதவர்களைவிட அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

அண்ணனுக்கு நான்காவது வருடம் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை திரும்ப வந்தது, பழைய அளவில் பாதி. இன்சுலின் ஊசி வரவில்லை. எடை அடிமட்டத்திலிருந்து ஏழு கிலோ ஏறி அங்கேயே நிற்கிறது. "இப்பப் பசிக்குதா?" என்று அம்மா போன வாரம் கேட்டாள். "பசிக்குது சித்தி. ஆனா கூப்பிட்டா நிக்குது" என்றான்.